மூச்சுப் பாக்கி

கல்லூரிக்கு நான் கட்ட வேண்டிய மூச்சுப் பாக்கி மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய். வகுப்பறைகளைப் பெருக்கும்போது நான் அதிகமாக மூச்சு விடுகிறேனாம். பசுமை வளாகத்தில் கரியமில வாயு கூடுகிறதாம். உட்கார்ந்தே இருக்கும் முதல்வருக்குப் பசுமைப் பதக்கம் கொடுத்தார்கள்.

அடுத்த மாதம் எனக்கு ஓய்வு. மகள் கல்யாணத்துக்கு நம்பியிருந்த செட்டில்மென்ட் பணத்தில் கைவைப்பார்களோ என்று மேலாளரிடம் ஓடினேன்.

“சார், இப்பல்லாம் மெதுவாத்தான் பெருக்குறேன்.”

“கவலைய விடுங்க செல்லக்கிளியம்மா, பாக்கியத் தள்ளுபடி பண்ணியாச்சு. இன்னையிலேர்ந்து நீங்க காண்ட்ராக்ட் ஆளு. உங்க மூச்சு எங்க கணக்குல வராது.”

“அப்ப என் செட்டில்மென்ட் பணம்?”

“அது கல்லூரி ஆளுங்களுக்குத்தாம்மா. நீங்களும் எங்களுக்குப் பாக்கியில்ல, நாங்களும் உங்களுக்குப் பாக்கியில்ல.”