நேரே தரைப்பாலம்

வைப்பர் எவ்வளவு வேகமாக அடித்தும் மழை விலகவில்லை. கண்ணாடியின் உட்புறம் வேறு ஆவி படிந்து, கணவரின் கண்ணுக்குச் சாலையே வெறும் வெள்ளையாகத் தெரிந்தது. பின்சீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

“நிறுத்தினா பின்னால வர்ற லாரி ஏறிடும். எனக்கு ஒண்ணும் தெரியலடி, நீ எட்டிப் பார்த்துச் சொல்லு!”

மனைவி ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள். நேரே தரைப்பாலம். அதன் மேல் வெள்ளம் சுழித்து ஓடியது. ஓடும் நீர் முழங்கால் அளவு இருந்தாலே போதும், கார் காற்றடைத்த டப்பா போல மிதக்கத் தொடங்கிவிடும். நல்லவேளை, பாலத்துக்கு முன்பே வலப்பக்கம் மேட்டுச்சாலை ஒன்று பிரிந்தது.

“ரைட்டுங்க!”

கார் திரும்பவில்லை. இன்னும் வேகம் எடுத்தது.

“ஐயோ, ரைட்! ரைட்!”

அவர் ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தார். முன்சக்கரங்கள் தண்ணீரில் பாய்ந்தன. கார் மிதந்து ஒருபக்கமாக நகர்ந்து, பாலத்தின் ஓரக்கல்லில் முட்டி நின்றது.

குழந்தையை வாரிக்கொண்டு, ஒருவரையொருவர் பிடித்தபடி மேட்டுக்கு ஏறிய பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

“தொண்டை கிழியக் கத்தினேனே, காதுல விழலையா?”

“விழாம என்ன? நீ கத்தக் கத்தத்தானே மிதிச்சேன்!”

“ரைட்டுனா திரும்ப மாட்டீங்களா?”

“திரும்பறதா?” அவர் கையால் முகத்தை வழித்தார். “பஸ் டிரைவர் முதுகுக்குப் பின்னாடி இத்தனை வருஷமா கண்டக்டர் கத்தற ‘ரைட், ரைட்’டுக்கு என்னடி அர்த்தம்?”