கேட்டால் சொல்வாள்

செய்தி வெளியீட்டை நிருபர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

உடனே நிமிர்த்தியும் வைத்தாள்.

கட்டைவிரல்கள் வரத் தொடங்கின. ஒவ்வொருவராக வந்து விரலைக் காட்டிவிட்டுப் போனார்கள். ஒருவர் கும்பிடு போட்டார். படித்துப் பார்க்கவாவது கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளக் கூடாதா, புண்ணியவான்களே.

மாவட்டத்தின் மக்கள் தொடர்பு அலுவலர் அவள். மேலக்கரையில் வயிற்றுப்போக்கு. குழந்தைகள் அரசு மருத்துவமனையில் கிடக்கிறார்கள். ஊர் முழுக்கக் குடிப்பது ஒரே தொட்டித் தண்ணீரை.

'பொதுமக்கள் வதந்திகளை நம்ப வேண்டாம். மருத்துவக் குழு முகாமிட்டுள்ளது. குடிநீர் ஆய்வு செய்யப்பட்டது. மாண்புமிகு அமைச்சர் நேரில் பார்வையிட உள்ளார்.'

ஆய்வு செய்யப்பட்டது. உண்மைதான்.

முடிவு என்னவென்று அதில் இல்லை.

முடிவு காலையிலேயே வந்துவிட்டது. தண்ணீர் குடிக்க லாயக்கில்லை. "இப்ப எதுக்கும்மா அது? அமைச்சர் வந்துட்டுப் போகட்டும்" என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அமைச்சர் வர இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அதுவரை ஊர் அதே தண்ணீரைத்தான் குடிக்கும்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரு கணக்கு உண்டு. கேட்காததைச் சொல்வதில்லை. கேட்டால் பொய் சொல்வதில்லை. இதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடம் சம்பளம் வாங்கினாள். நிம்மதியாகத் தூங்கவும் செய்தாள்.

ஆனால் அந்தக் கணக்கு சரியாக வர வேண்டுமென்றால், எதிர்ப்பக்கம் கேட்க ஒரு ஆள் வேண்டும்.

அவன் கேட்பான்.

சாலமோன். இந்த ஊர்ப் பத்திரிகையில் நிருபராக இருந்தவன். வெளியீடு போன கையோடு அவனுடைய போன் வரும். வணக்கம் கிணக்கம் எதுவும் கிடையாது.

"மேடம், ஒரு விஷயத்தை முழுங்கிட்டீங்களே."

அவள் சொல்வாள். மறுநாள் பத்திரிகையில் வந்துவிடும்.

ஓட்டையை எங்கே விட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். எங்கே தேட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். இதைப் பற்றி இருவரும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. ஒரு டீ கூடச் சேர்ந்து குடித்ததில்லை.

பிறகு அவன் சென்னைக்குப் போய்விட்டான். இதே அமைச்சரின் ஊடகப் பிரிவில் வேலை. போன் நின்றுபோனது. நிருபர்கள் குழுவிலிருந்து மட்டும் அவன் விலகவில்லை.

அவள் எழுதுவது நிற்கவில்லை. ஓட்டை விடுவதும் நிற்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், இன்னமும் அவனுக்காகத்தான் எழுதிக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது.

பாய்ந்து எடுத்தாள். புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண் நிருபர்.

"மேடம், அமைச்சர் பார்வையிடுற போட்டோ அனுப்புவீங்களா?"

"அவர் இன்னும் வரவே இல்லையேம்மா."

"பழசு ஏதாவது இருந்தாக்கூடப் போதும் மேடம்."

"அனுப்புறேன். வேற எதுவும் கேக்கணுமா?"

"இல்ல மேடம்."

"தயங்காமக் கேளும்மா. எதுன்னாலும் கேளு."

"அவ்வளவுதான் மேடம். தேங்க்ஸ்."

வைத்துவிட்டாள் அந்தப் பெண்.

ஜன்னலுக்கு வெளியே, மேலக்கரைப் பேருந்து காலிக் குடங்களோடு வந்த பெண்களை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தது. ஆட்சியர் அலுவலகக் காவலர் அவர்களை வாசலிலேயே நிறுத்தி என்னவோ பேசினார். அவர்களுக்காவது கேட்கத் தெரிந்திருந்தது. யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

மறுபடியும் போன்.

திரையில் 'சாலமோன் நிருபர்'. அந்தப் பெயரை மாற்ற அவளுக்கு மனம் வந்ததே இல்லை.

எடுப்பதற்கு முன் உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"மேடம்." அதே குரல். வணக்கம் இல்லை. "அந்த ஆய்வு வரி."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை பேர் விரல் காட்டினார்கள். படித்தவன் இவன் ஒருவன்தான்.

"கேளுங்க சார்" என்றாள்.

"அதை எடுத்துடுங்க மேடம். யாராச்சும் ரிசல்ட் கேட்டுடப் போறாங்க."

சொல்லி முடித்தும் அவன் போனை வைக்கவில்லை.

கேளேன், என்று அவள் மனதுக்குள் கெஞ்சினாள். ஒரே ஒரு தடவை. உனக்காகவாவது கேளேன்.

"எடுத்துடுறீங்களா மேடம்?"

"எடுத்துடுறேன் சார்."

எடுத்தாள். சொன்ன சொல் தவறவில்லை. குழுவில் போட்டிருந்ததை நீக்கிவிட்டு, அந்த வரி இருந்த இடத்தில் வேறு ஒன்று எழுதினாள்.

'தொட்டித் தண்ணீர் குடிக்கத் தகுதியற்றது என ஆய்வில் தெரியவந்துள்ளது. மேலக்கரை மக்கள் யாரும் அதைக் குடிக்க வேண்டாம்.'

வெளியீடுகள் எப்போதும் ஆட்சியர் பெயரில்தான் போகும். இதன் கீழே தன் பெயரைப் போட்டாள்.

அனுப்பினாள்.

இந்த முறை ஒருவரும் விரல் காட்டவில்லை. படிக்கிறார்கள் போலிருக்கிறது.

போன் அடித்தது.

'சாலமோன் நிருபர்.'

அவள் எடுக்கவில்லை. எத்தனை நாள் காத்திருந்த சத்தம். அடித்து ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுபடியும் அடித்தது.