மறுமுனையில் ஒரு மனிதன்

தொலைபேசி நிறுவனத்தின் சேவை எண், ‘ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்’ என்று அலைக்கழித்துவிட்டு ஒருவழியாக ஒரு குரலைக் கொடுத்தது.

“நீங்க மனுஷனா, மெஷினா?” கோடெலீவ் அதட்டினாள்.

“மனுஷன்தான் மேடம். வான்னஸ் பேசறேன்.”

“கூப்பிட்டா ஆள் பேசணும், அதான் ஐரோப்பியச் சட்டம். பிரஸ்ஸல்ஸ் கண்காணிப்பு அலுவலகத்துலேர்ந்து சோதனை பண்றேன்.”

“நேத்தும் பண்ணீங்களே!”

“சட்டம்னா சும்மாவா? சரி, இருமல் தேவலையா? சாப்பிட்டியா?”

“சூப் குடிச்சேன். நீங்க?”

“ஒருத்திக்கு என்ன பெரிய சமையல்?”

வான்னஸ் தயங்கினான். “மேடம், காலையில உங்க அலுவலகத்துலேர்ந்து வேற ஒருத்தங்க சோதனைக்குக் கூப்பிட்டாங்க. நீங்க போன வருஷமே ரிட்டயர் ஆயிட்டீங்களாமே?”

வெளியே டிராம் மணியடித்துக்கொண்டு போனது. கோடெலீவ் போனை வைக்கப் போனாள்.

“வெச்சிடாதீங்க மேடம். நாளைக்குச் சோதனை எத்தனை மணிக்கு?”