சேமித்த காரணம்

"நாலு தடவை அடிச்சிட்டேம்மா. மூடித் திறந்தா துடைச்சு விட்ட மாதிரி காலியா இருக்கு!" காசாளர் சலித்துக்கொண்டார்.

கணினிப் பிரிவுப் பெண் திரையை எட்டிப் பார்த்தாள். விடுப்புப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில், 'மாமனார் காலமாகிவிட்டார்' என்று அடித்திருந்தார்.

"ஐயோ! எப்ப சார்?"

"காலையிலதாம்மா. பெத்த பிள்ளையாட்டம் என்னைப் பார்த்துக்கிட்டவரு." கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. "எல்லாக் கிளைக்கும் இந்த ஒரே படிவம்தான் சார். யாரும் மாத்தக் கூடாதுன்னு பூட்டி வச்சிருந்தாங்க, அதான் எதுவும் நிக்கலை. உங்க அவசரத்துக்குப் பூட்டை எடுத்துட்டேன்."

சேமித்து, மூடி, மறுபடி திறந்தாள். அடித்ததெல்லாம் அப்படியே இருந்தது.

"நீ நல்லா இருக்கணும்மா!"

காசாளர் சீட்டியடித்தபடி பாதிப் படி இறங்கும்போது கைப்பேசி அழைத்தது. பக்கத்து ஊர்க் கிளையின் கணக்காளர்.

"லீவு போடலாம்னு இப்பதான் படிவத்தைத் திறந்தேன். உங்க பேரு போட்டு ஏற்கெனவே நிரப்பி இருக்கு. ஏன் மாப்பிள்ளை, நான் எப்ப செத்தேன்?"