கதவு நடை

கிட்ட வந்து உட்காருங்க. ராணுவ அகாடமிக் கதை என்றதும் காதைப் பொத்திக்கொள்ள வேண்டாம். இதில் வருகிற பெரிய சத்தமே ஒரு கதவு கிரீச்சிடுகிற சத்தம்தான்.

அகாடமியில் முதல் வருஷம் முடிக்கப்போகிற பையன் ஒருத்தன். வருஷக் கடைசியில் பரேடு. வீட்டு ஆட்கள் வந்து பார்ப்பார்கள். அம்மாவும் அக்காவும் ரயிலுக்கு டிக்கெட்கூட எடுத்துவிட்டார்கள்.

"எல்லாரும் ஒரே மாதிரி முடி வெட்டி, ஒரே உடுப்புல நிப்பீங்க. உன்னை எப்படிடா கண்டுபிடிக்கிறது?" என்று அம்மா போனில் கேட்டாள்.

"கடைசி வரிசை, ஓரத்து ஆளு. தேடவே வேணாம்மா."

சொல்லி வாய் மூடவில்லை, மறுநாளே மைதானத்தில் மானம் போயிற்று. பயம் வந்தால் அவனுக்கு ஒரு கோளாறு. இடது காலோடு இடது கையும், வலது காலோடு வலது கையும் சேர்ந்தே கிளம்பும்.

டிரில் வாத்தியார் அவனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ராசா, நீ நடக்கிறியா, கதவு திறக்குதா?"

மைதானமே சிரித்தது. அன்றிலிருந்து அவன் பேரே கதவு. ஓரத்து இடத்துக்கு அவன் அறைத்தோழனை, விசில் என்று எல்லாரும் கூப்பிடுகிறவனை, நகர்த்திவிட்டு, கதவை உபரி ஆளாக வெளியே நிறுத்தினார்கள். யாருக்காவது முடியாமல் போனால் உள்ளே வரலாம். அப்படி யாரும் உள்ளே வந்ததாக அங்கே ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை.

அன்று ராத்திரிச் சாப்பாடு அவனுக்கு இறங்கவில்லை. "தம்பி, ஷூவெல்லாம் பளபளன்னு வச்சிருக்கியா?" என்று அக்கா போனில் கேட்டபோது "ம்" என்று மட்டும் சொன்னான். வேறென்ன சொல்வான்?

வாடிக் கிடக்கிறவனைக் கொஞ்ச நேரம் விட்டுவைக்க வேண்டாமா? விசிலுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும்போதெல்லாம் பின்னாலேயே வருவான். கதவின் கையும் காலும் ஒரே பக்கமாகக் கிளம்பினால் போதும், வாயாலேயே "கிரீச்... கிரீச்..."

"கீலுக்கு எண்ணெய் விட்டியாடா?"

"சும்மா வாடா."

"அடடா, கதவுக்கு ரோஷம் வருதுப்பா. தாழ்ப்பாள் எங்கே, தாழ்ப்பாள் எங்கே?"

கதவு பல்லைக் கடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடப்பான். உடனே கிரீச் சத்தம் நின்றுவிடும். ஏன் நின்றது என்று அவன் யோசித்ததே இல்லை. என் இடத்தையும் பிடிச்சுக்கிட்டு என்னையே கிண்டல் பண்றான், இவனெல்லாம் மனுஷனா என்றுதான் நினைப்பு.

ஒரு நாள் பேச்சை மாற்றுவதற்காகக் கேட்டான்:

"உங்க வீட்டுல யாருடா வர்றாங்க?"

"யாரும் வரல. கடையை யாரு பாக்கிறது? நான் நடக்கப் பழகினதையே பாத்தவங்க, இதை வேற பாக்கணுமா?"

பரேடுக்கு முந்தின சாயங்காலம் விசில் மாடிப்படியில் உருண்டான். "ஐயோ, இடது காலு போச்சு" என்று கத்தினான். மருத்துவ அறையில் சுளுக்கு என்று சொல்லி இடது கணுக்காலில் கட்டுப் போட்டார்கள். கதவுதான் தோள் கொடுத்து அறைக்குக் கூட்டிவந்தான்.

டிரில் வாத்தியார் வந்து எட்டிப் பார்த்தார். கட்டைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"நாளைக்கு நீ உள்ள."

கதவுக்கு நெஞ்சு துள்ளியது. ஒருத்தன் காலைப் பிடித்துக்கொண்டு கிடக்க, தனக்கு இப்படிச் சந்தோஷம் வருகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. விசிலின் முகத்தைப் பார்க்காமலே ஷூவுக்குப் பாலிஷ் போட்டான்.

விடிந்தது. முரசு அடித்தார்கள். பழைய பயம் திரும்பி வந்தது. இடது கால் எழும்ப, கூடவே இடது கையும் கிளம்பப் பார்த்தது.

அப்போது ஓரத்து பெஞ்சிலிருந்து மெல்ல வந்தது:

"கிரீச்."

கதவுக்குச் சுர்ரென்று ஏறியது. இன்னைக்குமாடா? பல்லைக் கடித்தான். கையும் காலும் தன்னாலே பிரிந்து அதனதன் வழிக்கு வந்தன. மைதானம் முழுக்கச் சுற்றி வரும்வரை ஒரு பிசகு இல்லை. "கடைசி வரிசை, ஓரத்து ஆளு, எம்மவன்" என்று அம்மா முன்சீட்டு பின்சீட்டு எல்லாருக்கும் காட்டினாள்.

பரேடு முடிந்து டீ கொடுத்தார்கள். டிரில் வாத்தியார் கோப்பையோடு வந்தார்.

"கோபம் வந்தா ஒழுங்கா நடக்கிறியே ராசா. இதை யாரு கண்டுபிடிச்சது?"

கதவு பதில் சொல்வதற்குள் விசில், குளித்துத் தலைசீவி, தட்டு நிறையக் கேக்கோடு நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தான்.

"ஐயோ பாவம், எந்தக் காலுப்பா?" என்றாள் அம்மா.

"இதாம்மா, வலது காலு" என்று கட்டுப் போட்ட காலைத் தூக்கிக் காட்டினான் விசில்.

கதவு அந்தக் காலையே பார்த்தான். நேற்று கட்டு இருந்தது இடது காலில்; தாங்கி வந்த அவன் தோளுக்கே அது தெரியும்.

வாத்தியார் டீயை ஒரு மடக்குக் குடித்தார்.

"இடது வலது தெரியாதவன் அந்த ரூம்ல ஒருத்தன்தான்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு, மீசைக்குள் சிரித்தபடி நகர்ந்தார்.

 கதவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என்னடா பாக்கிற? அழுதுடாதே, அப்புறம் நடை கெட்டுரும்" என்ற விசில், தட்டை அம்மா கையில் கொடுத்துவிட்டு, கட்டுப் போடாத இடது காலை நொண்டிக்கொண்டு, "கிரீச்... கிரீச்..." என்று இன்னொரு கேக் எடுக்கப் போனான்.