பம்பாய்னே சொல்லிப்போடு

"பம்பாய்னே சொல்லிப்போடு கண்ணு. இதுல யோசிக்கறதுக்கு என்ன இருக்குது?"

சோற்றுக் குண்டாவை இறக்கிக்கொண்டே பாவாத்தாள் சொன்ன வேகத்தில் மதிவதனிக்குச் சுருக்கென்றது. கொஞ்சம்கூடத் தயங்க மாட்டாளா இந்த அம்மா?

மதிவதனி விமானக் கம்பெனி ஒன்றில் கோ-பைலட்டாகச் சேர்ந்து, அப்போதுதான் பயிற்சி முடித்து சிங்காநல்லூர் வந்திருந்தாள். இனி எந்த ஊரிலிருந்து ஓட்டப் போகிறாள் என்பதை, திங்கட்கிழமை மெட்ராஸ் ஆபீசில் நேரில் சொல்லியாக வேண்டும். மெட்ராஸ், இல்லையென்றால் பம்பாய். எதைச் சொல்கிறாளோ அங்கேதான் அவள் டூட்டி தொடங்கும், அங்கேதான் முடியும்.

"மெட்ராஸ்னா நான் இங்கயே இருந்துக்குவேம்மா. எங்க கம்பெனி பிளேன்லயே போயி டூட்டி பாத்துப்போட்டு, லீவு உட்டதும் ஊட்டுக்கு வந்துருவேன். ஏர்போர்ட்டு எட்டற தூரம்தான?"

"பிளேன்ல எடம் இல்லீன்னா?"

"அடுத்த பிளேன்ல போவேன்."

"அதுலயும் இல்லீன்னா? பஸ்ஸு புடிப்பியா? விடிய விடிய குலுங்கிப்போட்டு, செவந்த கண்ணோட போயி ஓட்டுவியா? அத்தன சனத்தோட உசுரு உங் கையில அம்மிணி."

பயிற்சியில் ஒரு கேப்டனும் மதிவதனியிடம் இதையேதான் கேட்டிருந்தார்.

"பம்பாய்ல பிளேன் சாஸ்தி, வெரசாக் கேப்டன் ஆயிரலாம்னு டிரெயினிங் போறப்பவே நீதான சொன்ன?"

"சொன்னேன். அதுக்காக..."

"அப்பப் பம்பாய்தான். வா, சோறு ஆறுது."

சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார். அம்மாதான் மில்லில் ஷிப்டு மாற்றி ஷிப்டு நின்று, நூல் சுற்றி வளர்த்தாள். ஃப்ளையிங் கிளப்பில் அரசாங்க உதவித்தொகையோடு இடம் கிடைத்தபோது, "பொட்டப்புள்ள பிளேன் ஓட்டறதா?" என்று தெருவே சிரித்தது. "ஏன், பிளேனுக்குத் தெரியுமா ஓட்டறது ஆருன்னு?" என்று ஒற்றைக் கேள்வியில் தெருவை வாயடைக்க வைத்தவள் அம்மா. அவளா இன்று போ போ என்கிறாள்?

பக்கத்து வீட்டுக் கோமளாவுக்கே பொறுக்கவில்லை. "ஏனுங்க பாவாத்தாக்கா, ஒத்தப் புள்ளைய இப்பிடித்தான் தள்ளி உடுவாங்களா?" என்று கேட்டாள். பாவாத்தாள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

மதிவதனி ஒரு முடிவுக்கு வந்தாள். மகள் முன்னுக்கு வரவேண்டும் என்று அம்மா தன் தனிமையை விழுங்கிக்கொள்கிறாள். மெட்ராஸ் எவ்வளவு பக்கம் என்று கண்ணால் பார்த்துவிட்டால் இந்தப் பிடிவாதம் கரைந்துவிடும். திங்கட்கிழமை காலை விமானத்தில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஏறினாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்த பாவாத்தாள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். விமானம் ஓடத் தொடங்கியதும் மகளின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். தரை நழுவியது. பிடி இன்னும் இறுகியது.

"அம்மிணி... அது நம்ம கொளமா?"

"ஆமாம்மா."

"எங்க மில்லு?"

மதிவதனி காட்டினாள். புகைபோக்கி ஒரு குச்சியாகத் தெரிந்தது. பாவாத்தாள் ஜன்னல் கண்ணாடியில் கட்டைவிரலை வைத்து மில்லை மறைத்துப் பார்த்தாள். முழு மில்லும் மறைந்துவிட்டது.

"இவ்வளவுதானா! இதுக்குள்ளயா இத்தன வருசம் நின்னேன்?"

பிறகு மேகம் சூழ்ந்தது. ஒரு கணம் எல்லாம் வெள்ளை. அடுத்த கணம் விமானம் மேகத்தைக் கிழித்துக்கொண்டு வெயிலுக்கு வந்தது. கீழே கண்ணுக்கெட்டிய வரை வெண்மை, குவியல் குவியலாக, ஒளியில் நனைந்து கிடந்தது.

"ஆத்தா!" என்றாள் பாவாத்தாள். "இத்தன பஞ்சையும் ஆரு நூலா நூக்கறது?"

மதிவதனி எத்தனையோ முறை பார்த்த மேகம்தான். இன்றைக்கு அவளுக்கே புல்லரித்தது. அம்மாவின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல், கும்பிடுவது போல் கைகளை நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தாள்.

"இதுக்குள்ளதான் நீ தெனமும் போவியா?"

"ஆமாம்மா."

"சாமி பாக்கறதெல்லாம் நீயும் பாப்பியாட்டருக்குது."

நேரம் பார்த்து மகள் மெல்ல ஆரம்பித்தாள். "பாத்தியாம்மா? இன்னுங் கொஞ்ச நேரத்துல மெட்ராஸ் வந்துரும். இவ்வளவு பக்கந்தான். மெட்ராஸ்னே சொல்லிரட்டுமா?"

"பம்பாய்."

"ஏம்மா என்னையத் தொரத்தறதுலயே குறியா இருக்கற? உனக்காகத்தான் இங்கயே இருக்கறேங்கறேன். நான் பம்பாய் போயிட்டா, அந்த ஊட்டுல நீ ஒத்தையில என்ன பண்ணுவ?"

பாவாத்தாள் முதல்முறையாக ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள். அதற்குள் வடக்கத்திப் பணிப்பெண் ஒருத்தி அருகில் வந்து குனிந்து நின்றாள்.

"பேட்டி, தோடா பானி தீஜியே," என்று பாவாத்தாள் அவளிடம் தடுமாறாமல் இந்தியில் தண்ணீர் கேட்டாள்.

பிறகு, வாய் பிளந்து உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்துச் சொன்னாள்: "மில்லுல எங்கூட வேல செய்யற ஆமினா பீவிகிட்ட ஆறு மாசமாக் கத்துக்கிட்டிருக்கறேன். நீ பிளேன் ஓட்டப் போயிட்டீன்னா, பம்பாய்ல கடைகண்ணிக்கு நாந்தான போவோணும்?"