மத்தியான மாத்திரை

பேக்கரிக்காரர் நடந்தால் தெருவே அதிரும். எடை மெஷின் அவரைக் கண்டதுமே முனகும். அப்பேர்ப்பட்டவர் பசியடக்கும் மாத்திரைக்காக டாக்டரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"தினம் காலையில ஒண்ணுதான். அதுக்கு மேல தொட்டா ஆபத்து."

"பத்து கிலோ சட்டுன்னு குறையணும், மாப்ளே."

"அப்படி என்ன அவசரம்? ரெண்டாம் கல்யாணமா?"

பேக்கரிக்காரர் சிரித்து மழுப்பினார். டாக்டர், இவர் மனைவிக்குச் சித்தப்பா மகன். இங்கே சொன்னால் விஷயம் அவருக்கு முன்னால் வீடு போய்ச் சேரும். அவள் ஊரையே கூட்டித் தடுத்துவிடுவாள்.

தினமும் காலையில் ஒன்றை விழுங்கினார். மத்தியானம் அடுப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இன்னொன்றையும் விழுங்கினார். மலையாய்க் குவிந்த பன்னுக்கு நடுவில் நின்றும் பசிக்கவில்லை. தூக்கம் தொலைந்தது, நெஞ்சு மாவரைக்கும் மெஷினாய் அடித்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

பத்து கிலோவும் இறங்கியது! பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

"எடை சரியா இருக்கு," என்ற டாக்டரம்மா, அவர் கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார். மறுபடி பார்த்தார். முகம் மாறியது.

"போன தடவை நல்லாத்தானே இருந்தது? என்ன செஞ்சீங்க?"

"மாத்திரை... ஒண்ணுக்கு ரெண்டா போட்டேன்."

"அட கடவுளே! முதல்ல அதை நிறுத்துங்க. இவ்வளவு பிரஷரை வச்சுக்கிட்டு உங்க கிட்னியை எடுக்க முடியாதுங்க."

பேக்கரிக்காரர் சட்டைக் கையைச் சுருட்டி மறுபடி நீட்டினார்.

"இன்னொரு தடவை பாருங்கம்மா. அது இறங்கற வரைக்கும் என் தங்கச்சி தாங்கமாட்டா."